மஞ்சளும் பனியனும் ஒரே டிக்‌ஷனரியில்

கொங்கு நாட்டில் விற்பனைக்கு வரும் சரக்குகளின் எச்எஸ்என் எண்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். ஈரோட்டு மஞ்சளுக்கு 0910. பொள்ளாச்சித் தேங்காய்க்கு 0801. வால்பாறைத் தேயிலைக்கு 0902, நாமக்கல் முட்டைக்கு 0407. திருப்பூர் பனியனுக்கும் டீ-சர்ட்டுக்கும் 6109, பருத்தி நூலுக்கு 5205, கோவை பம்புக்கு 8413. இந்த எண்களுக்கு அடிப்படையான, 1988-ல் நடைமுறைக்கு வந்த உலகப் பொதுப் பட்டியலில் முதல் ஒன்பது அத்தியாயங்கள் உயிருள்ள விலங்கில் தொடங்கி, மீன், பால், முட்டை, காய், கனி என்று போய் தேயிலையிலும் மசாலாவிலும் முடிகின்றன. அதனால் தோட்டத்திலும் பண்ணையிலும் விளைவதில் பெரும்பகுதி பூஜ்ஜியத்தில் தொடங்கும். ஆலையிலும் பட்டறையிலும் செய்வது அப்படித் தொடங்காது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து இந்த எண்கள் பில்லில் ஏறி உட்கார்ந்துவிட்டன. எங்களைப் போலப் பில்லிங் புரோகிராம் எழுதுகிறவர்கள் இவற்றைக் கீயாக, அதாவது தேடுவதற்கான சாவியாக, வைத்து வரி விகிதத்தைத் தேடுகிறோம். பைத்தான், பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகளில் எந்த மாறியில் என்ன வகை மதிப்பு வரும் என்று முன்கூட்டி எழுதித்தர வேண்டியதில்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து வந்துவிடுமோ என்பதுதான் இம்மொழிகளைப் பற்றி வெளியிலிருப்பவர்கள் சொல்லும் முதல் பயம். இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது வேறு. மதிப்பில் வரும் பிழை சீக்கிரம் அகப்பட்டுவிடும். கீயில் வரும் பிழைதான் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். வரிசையாக அடுக்கும் அரேயையும், கீயைக் கொண்டு தேடும் டிக்‌ஷனரியையும் கையாளும் திறமையில் பெரும்பங்கு கீயைக் காப்பதுதான் என்பது என் கட்சி.

பிஎச்பியில் அரே தனி, டிக்‌ஷனரி தனி என்று கிடையாது. அரே என்ற ஒன்றே இரண்டு வேலையையும் பார்க்கிறது. கீ எண்ணாகவும் இருக்கலாம், ஸ்ட்ரிங் எனும் எழுத்துச் சரமாகவும் இருக்கலாம். அதற்கு ஒரு விதி உண்டு. ஸ்ட்ரிங்காகக் கொடுத்த கீ சுத்தமான முழு எண்ணைப் போல இருந்தால் மொழியே அதை எண்ணாக மாற்றிக்கொள்ளும். '6109' என்று மேற்கோள் குறிக்குள் எழுதினாலும் உள்ளே போய்ச் சேருவது 6109 என்ற எண். '0910'-க்கு முன்னால் பூஜ்ஜியம் இருப்பதால் அது ஸ்ட்ரிங்காகவே நிற்கும். ஆக, ஒரே வரிப் பட்டியலுக்குள் பனியனின் கீ எண், மஞ்சளின் கீ ஸ்ட்ரிங். இதனால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். பொதுப் பட்டியல் ஒன்று, கடைக்காரரின் சொந்தத் திருத்தப் பட்டியல் ஒன்று, இரண்டையும் அரே_மெர்ஜ் என்ற ஃபங்ஷனால் சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஃபங்ஷன் ஸ்ட்ரிங் கீயை அப்படியே விட்டுவிடும். எண் கீயைப் பூஜ்ஜியத்திலிருந்து புதிதாக எண்ணிவிடும். சேர்த்து முடித்தபின் 0910 தன் இடத்தில் இருக்கும். 6109 இருக்காது. அது 0 ஆகியிருக்கும், 5205 அடுத்திருந்தால் 1, 8413 அதற்கடுத்திருந்தால் 2. சேர்க்கும் நேரத்தில் ஒரு எச்சரிக்கைகூட வராது. மஞ்சள் மண்டியின் கணக்கை வைத்துச் சோதித்தவர் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடுவார். அதே புரோகிராம் திருப்பூருக்குப் போன அன்று ஒரு பனியனுக்கும் விகிதம் கிடைக்காது. கூட்டல் குறியாலோ அரே_ரிப்ளேஸ் என்ற ஃபங்ஷனாலோ சேர்த்திருந்தால் கீ மாறாது. ஆனால் எந்த ஃபங்ஷன் எதைக் காக்கும் என்று ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்துகொண்டே இருப்பதைவிட, கீயின் முன்னால் ஒரு எழுத்தை ஒட்டி அது எந்நாளும் எண்ணாக மாற முடியாதபடி செய்துவிடுவது மேல்.

மற்ற மொழிகளிலும் இதே இடத்தில் வேறு விதமான பள்ளம் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண ஆப்ஜெக்டில் மஞ்சளை முதலில் போட்டுப் பனியனை அடுத்துப் போட்டாலும், எண் போன்ற கீக்களை ஏறுவரிசையில் முன்னால் நிறுத்தி, மற்றவற்றைச் சேர்த்த வரிசையில் பின்னால் நிறுத்துவது அம்மொழியின் விதி. முதலில் வந்த 0910, பின்னால் வந்த 6109-க்குப் பின்னே போய் நிற்கும். பைத்தான் இந்த மாற்றங்கள் எதையும் செய்யாது, அந்த வகையில் அது நேர்மையான மொழி. ஆனால் அந்த நேர்மையே வேறொன்றைக் கேட்கிறது: 6109 என்ற எண்ணும் '6109' என்ற ஸ்ட்ரிங்கும் அதற்கு இரு வேறு கீக்கள்; 6109-உம் 6109.0-உம் ஒரே கீ. எக்ஸெலில் எச்எஸ்என் எழுதிய பத்தியில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தால்போதும், பாண்டாஸ் நூலகம் அந்தப் பத்தி முழுவதையும் தசம எண்ணாகப் படிக்கும். அதை ஸ்ட்ரிங்காக மாற்றினால் கையில் இருப்பது '6109.0'. மஞ்சளின் பூஜ்ஜியமோ எக்ஸெலில் தட்டிய நொடியே போய்விட்டது, வருவது வெறும் 910. இன்னும் ஒன்று. பிஎச்பி புரோகிராமில் முட்டையின் எண்ணை மேற்கோள் குறி இல்லாமல் 0407 என்று எழுதினால், முன்னால் பூஜ்ஜியம் வந்ததால் அதை எட்டின் அடிப்படையில் வாசித்து 263 என்று எடுத்துக்கொள்ளும். பைத்தான் 3 அந்த வரியையே ஏற்காமல் பிழை காட்டி நிறுத்திவிடும். நிறுத்துகிற மொழியை நான் மதிக்கிறேன்.

வெளியிலிருந்து வரும் எதுவும் நேராகக் கீயாகக் கூடாது, அது ஒரே ஒரு வாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அந்த வாசலில் செய்ய வேண்டியது பெரிய வேலையுமில்லை. வந்ததை ஸ்ட்ரிங்காக்கி, இருபுறமும் உள்ள வெற்றிடத்தை நீக்கி, கடைசியில் '.0' ஒட்டியிருந்தால் வெட்டி, மிச்சமுள்ளது இலக்கம் மட்டும்தானா என்று பார்க்க வேண்டும். அதன்பின் நீளத்தைப் பார்க்க வேண்டும். எச்எஸ்என் எண் இரண்டு, நான்கு, ஆறு, எட்டு இலக்கங்களில்தான் வரும். 2021 ஏப்ரல் முதல் ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடிக்கு மேல் இருப்பவர்கள் ஆறு இலக்கமும், அதற்குள் இருப்பவர்கள் வணிகர்களுக்கு எழுதும் பில்லில் நான்கு இலக்கமும் போட வேண்டும். ஒற்றைப்படை நீளத்தில் ஒரு எண் வந்தால் வழியில் ஒரு பூஜ்ஜியம் உதிர்ந்திருக்கிறது என்று பொருள்: 910 என்பது 0910, 91030 என்பது 091030. தட்டுப்பிழையாகவும் இருக்கலாம் என்பதால், பூஜ்ஜியத்தைச் சேர்த்தபின் அது பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். பிஎச்பியானால் கடைசியில் முன்சொன்ன எழுத்தையும் முன்னால் ஒட்டிவிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு வரியில் முடிகிற ஃபங்ஷன். அதைத் தாண்டிவிட்ட கீயை புரோகிராமின் மற்ற எந்தப் பகுதியும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

இனி அரே. அரேயிலும் கீ உண்டு. எத்தனையாவது இடம் என்பதே அங்கே கீ. இடத்துக்கு உண்மையிலேயே பொருள் இருக்கும் இடத்தில் மட்டுமே அரேயை நம்ப வேண்டும். திருப்பூரில் ஒரு ஆர்டர் ஷீட்டை எடுத்துக்கொள்வோம். ஸ்டைல், கலர், அதன்பின் சைஸ்வாரியாகப் பீஸ் எண்ணிக்கை: எஸ், எம், எல், எக்ஸ்எல். அனுபவம் குறைந்தவர் கை இதை நான்கு எண்கள் கொண்ட அரேயாகத்தான் எழுதும்: 200, 400, 400, 200. முதலாவது எஸ், இரண்டாவது எம் என்பது எழுதியவரின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. அடுத்த சீசனில் பையர் முன்னால் எக்ஸ்எஸ் என்று ஒரு சைஸைச் சேர்த்து ஷீட் அனுப்புகிறார், ஐந்து எண்கள் வருகின்றன. முதல் இடத்தை எஸ் என்றே படிக்கும் புரோகிராம், எக்ஸ்எஸ் எண்ணிக்கையை எஸ் என்றும், எஸ் எண்ணிக்கையை எம் என்றும் கட்டிங் பிரிவுக்கு அனுப்பும். எல்லாம் எண்கள்தான், எல்லாம் நியாயமான அளவில் இருக்கும் எண்கள்தான். எந்த மொழியும் இதில் பிழை காணாது. துணி வெட்டிய பிறகுதான் தெரியும். சைஸின் பெயரைக் கீயாக வைத்த டிக்‌ஷனரியில் இது நடக்க வழியில்லை. எக்ஸ்எஸ் புதிய கீயாக வந்து நிற்கும், எஸ் தன் எண்ணிக்கையோடு இருக்கும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் டிக்‌ஷனரியே போதுமா? பேக்கிங் லிஸ்ட்டை அச்சடிக்கும்போது அரேயின் தேவை தெரியும். ஆங்கில அகர வரிசைப்படி அடுக்கினால் எல், எம், எஸ், எக்ஸ்எல் என்று வரும். எந்தப் பேக்கிங் சூப்பர்வைசரும் அதைக் கையில் வாங்க மாட்டார். சென்டிமீட்டர் கணக்கில் வரும் பனியன் சைஸ்களிலும் இதே கதை: ஸ்ட்ரிங்காக வரிசைப்படுத்தினால் 100 முதலிலும் 80 அதற்கடுத்தும் வரும். பைத்தானில் டிக்‌ஷனரியே வரிசையைக் காக்கிறதே என்று இன்றைய இளைஞர்கள் சொல்கிறார்கள். உண்மைதான், 2018-ல் வந்த 3.7 பதிப்பிலிருந்து அது மொழியின் உறுதி. ஆனால் அது காப்பது கீக்கள் உள்ளே வந்த வரிசையை. முதல் ஆர்டர் வரியில் எக்ஸ்எல் மட்டும் இருந்து, இரண்டாவது வரியில் எஸ் வந்தால், எக்ஸ்எல்தான் முன்னால் நிற்கும். இரண்டு டிக்‌ஷனரிகள் சமமா என்று பைத்தானிடம் கேட்டால் அது வரிசையைப் பார்ப்பதேயில்லை. வரிசை அங்கே ஒரு வசதி. சைஸ் வரிசை வியாபாரத்தின் ஒரு விதி. அந்த விதியை எழுதிவைக்க வேறு இடம் வேண்டும். ஆகவே சைஸ்களின் வரிசைக்கு ஒரு அரே, எண்ணிக்கைக்கு ஒரு டிக்‌ஷனரி, அச்சடிக்கும்போது அரேயில் நடந்து டிக்‌ஷனரியில் தேடுவது என்று இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதே சரி. எத்தனையாவது என்று கேட்பவருக்கு அரே பதில் சொல்லட்டும், எது என்று கேட்பவருக்கு டிக்‌ஷனரி பதில் சொல்லட்டும்.

ஜிஎஸ்டி தளத்துக்கு அனுப்பும் ஜேசான் கோப்பு இதற்கு நல்ல முன்மாதிரி. மேலே ஒரு டிக்‌ஷனரி: யாருடைய கணக்கு, எந்த மாதம். அந்த மாதம் '072017' என்ற வடிவில் ஸ்ட்ரிங்காகவே வரும், அங்கேயும் முன்னால் ஒரு பூஜ்ஜியம். உள்ளே வணிகர்களின் அரே, ஒவ்வொரு வணிகரும் ஒரு டிக்‌ஷனரி, அவருக்குள் பில்களின் அரே, ஒவ்வொரு பில்லுக்குள்ளும் சரக்கு வரிகளின் அரே. ஒரே மாதிரி பல வருமிடத்தில் அரே, ஒவ்வொன்றுக்கும் பெயர் உள்ள இடத்தில் டிக்‌ஷனரி என்று அடுக்கு மாறி மாறிப் போகிறது. பிஎச்பியில் எழுதுகிறவர் ரத்தான ஒரு பில்லை அரேயின் நடுவிலிருந்து நீக்கிவிட்டு அப்படியே ஜேசானாக மாற்றினால், 0, 2, 3 என்று இடைவெளி விழுந்த அரேயை அந்த மொழி டிக்‌ஷனரியாகவே எழுதித்தரும். அரேயை எதிர்பார்த்து நிற்கும் எந்தத் தளமும் அதை ஏற்காது. நீக்கிய பின் அரே_வேல்யூஸ் என்ற ஃபங்ஷன் வழியாக அனுப்பினால் எண்கள் மறுபடி ஒழுங்காகும். 2021-ல் வந்த 8.1 பதிப்பில்தான் இது உண்மையான பட்டியலா என்று கேட்டுப் பார்க்கவே பிஎச்பியில் ஒரு ஃபங்ஷன் கிடைத்தது.

கீ கிடைக்காதபோது என்ன செய்வது என்பதில்தான் எனக்கும் சக தொழிலாளர்கள் பலருக்கும் உண்மையான கருத்து வேறுபாடு. இல்லாத கீயைக் கேட்டால் பைத்தான் பிழை எறிந்து நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் ஒரு வெறுமையைத் தரும். பிஎச்பி ஒரு எச்சரிக்கையை எழுதிவிட்டு வெறுமையைத் தரும், அந்த வெறுமையைப் பெருக்கினால் பூஜ்ஜியம். கவுன்டரில் கூட்டம் நிற்கும்போது புரோகிராம் நின்றுவிட்டால் கடைக்காரர் என்ன செய்வார் என்று கேட்டு, பைத்தானிலும் 'கெட்' என்ற வழியில் தேடி, கிடைக்காவிட்டால் பூஜ்ஜியம் என்று எழுதிவிடுகிறார்கள். கடைக்காரரின் அவசரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வரி விகிதத்தில் பூஜ்ஜியம் என்பது உண்மையான ஒரு விகிதம். ஓட்டோடு உள்ள முட்டைக்கு வரி கிடையாது. நாமக்கல் முட்டைக்கு வரும் பூஜ்ஜியமும், 6109 காணாமல் போனதால் பனியனுக்கு வரும் பூஜ்ஜியமும் பில்லில் ஒரே மாதிரிதான் இருக்கும். அடுத்த ஆண்டு தணிக்கையில் பிடிபடும்போது வரியோடு வட்டியும் சேர்ந்து அந்தக் கடைக்காரர் தலையில்தான் விழும். நிற்காமல் ஓட வேண்டும் என்றால், அந்த வரியை மட்டும் தனியே ஒதுக்கி, விகிதம் தெரியவில்லை என்று திரையில் காட்டி, பில்லை முடிக்கும் முன் ஆளைக் கேட்கச் செய்யலாம். இன்னும் தெரியாததைத் தெரிந்த ஒரு எண்ணால் நிரப்பக் கூடாது.

இவ்வளவு தொல்லை எதற்கு, ஜாவா போல வகையை முன்கூட்டிச் சொல்லும் மொழியில் எழுதிவிட்டுப் போகலாமே என்பது பலமான மறுப்பு. அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். டிக்‌ஷனரிக்குப் பதில் பெயரிட்ட புலங்கள் கொண்ட ஒரு வகையாக பில்லை எழுதினால், 'தொகை' என்பதை 'தோகை' என்று தட்டியவரைக் கம்பைலர் அங்கேயே பிடித்துவிடும். பைத்தானிலேயே 3.7-ல் டேட்டாகிளாஸும் 3.8-ல் டைப்ட்டிக்ட்டும் வந்தது இதற்காகத்தான். பில், வாடிக்கையாளர், சரக்கு என்று வடிவம் நிலைத்துவிட்டவற்றுக்கு அவற்றைப் பயன்படுத்தாமல் இன்னமும் வெறும் டிக்‌ஷனரியைச் சுமந்துகொண்டிருப்பது சோம்பல். பிஎச்பி செய்யும் கீ மாற்றமும் ஜாவாவில் கிடையாது. ஆனால் '0910'-உம் '910'-உம் ஜாவாவுக்கும் ஸ்ட்ரிங்தான். இரண்டும் வகைச் சோதனையைத் தாண்டும், இரண்டில் ஒன்றுக்கு விகிதம் கிடைக்காது. ஐந்து எண்கள் கொண்ட சைஸ் அரேயும் அங்கே செல்லுபடியான எண் அரேதான். வகை என்பது மதிப்பின் இனத்தைச் சொல்லும். இந்த எண் எந்த சைஸுக்கு உரியது என்று அதற்குத் தெரியாது. வாசலில் சுத்தம் செய்யும் அந்தப் பன்னிரண்டு வரியை எந்த மொழியிலும் யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். கோவையிலும் திருப்பூரிலும் ஐந்து பேர் வேலைசெய்யும் ஒரு மென்பொருள் கடைக்கு வாடிக்கையாளர் கேட்கும் புதுப் பத்தியை அன்று மாலையே சேர்த்துத் தரும் வேகம்தான் முதல். அந்த வேகத்தை டைனமிக் மொழிகள் தருகின்றன. நான் கேட்பது அந்த வேகத்தில் ஒரு சிறு பங்கை வாசலில் செலவிடுங்கள் என்பதே.

வேகம் என்றதும் இன்னொரு மறுப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிறிய தரவுக்கு அரேயே போதும், ஓட்டித் தேடிக்கொள்ளலாம் என்பார்கள். ஐம்பது சரக்கு விற்கும் கடைக்கு அது சரி. 10,000 சரக்கு அரேயில் இருக்க, 10,000 பில் வரிகளுக்கு ஒவ்வொன்றாக ஓட்டித் தேடினால் சராசரியாக 5 கோடி ஒப்பீடுகள். டிக்‌ஷனரி கீயிலிருந்து ஒரு எண்ணைக் கணக்கிட்டு அதற்குரிய இடத்துக்கு நேராகப் போவதால் சுமார் 10,000 தேடல்களோடு வேலை முடியும். சரக்கு ஐம்பதிலிருந்து ஆயிரமாக வளரும் நாளில் யாரும் அந்தப் புரோகிராமைத் திரும்ப எழுதுவதில்லை. கணினி மெதுவாக இருக்கிறது என்று புதிதாக ஒன்று வாங்குகிறார்கள்.

தமிழில் கீ வைக்கும்போது இந்தச் சிக்கல் இன்னும் ஆழமாகிறது. 2010 ஜூனில் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாடும் நடந்தது. தமிழக அரசு யூனிகோடை அதிகாரபூர்வக் குறியேற்றமாக ஏற்றதும் அந்த மாதத்தில்தான். அதனால் இன்று பெயரையும் ஊரையும் தமிழிலேயே வாங்கிச் சேமிக்கிறோம், அது நடக்க வேண்டிய நல்ல காரியம். ஆனால் பொள்ளாச்சி என்ற கீயைப் பாருங்கள். கண்ணுக்கு ஐந்து எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் 10 என்று சொல்லும். சில வழிகளில் தட்டி வந்ததற்கு 11 என்று சொல்லும். முதல் எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடு ஒரே குறியாகவும் வைத்திருக்கிறது, ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுத விடுகிறது. திரையில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. டிக்‌ஷனரிக்கு அவை இரண்டு ஊர்கள். ஊர்வாரி விற்பனை அறிக்கையில் பொள்ளாச்சி இரண்டு தடவை வந்து, தொகை இரண்டாகப் பிரிந்து கிடக்கும். அச்சடித்த தாளை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் காரணம் தெரியாது. யூனிகோடு தரம் சொல்லும் சீராக்கத்தை, அதாவது பிரிந்ததைச் சேர்த்து ஒரே வடிவாக்கும் என்எஃப்சி முறையை, வாசலிலேயே செய்துவிட்டால் இது தீரும். பைத்தானில் அதற்கு ஒரே ஒரு வரி போதும். தமிழ்த் தரவைத் தொடும் எந்தப் புரோகிராமிலும் அந்த வரி இல்லாமல் இருக்கக் கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

கோவையின் சௌரிபாளையத்துக்கு அந்த ஒரு வரி போதாது. ஔகாரக் குறியின் வலப்பாதி கண்ணுக்கு ளகரம் போலவே இருப்பதால் ஒற்றைக் கொம்பு, சகரம், ளகரம் என்று தோன்றும்படி தட்டி எழுதுகிறவர்கள் ஏராளம். யூனிகோடுக்கு அது 'செள' என்ற இரண்டு எழுத்து, முறையான தமிழ் எழுத்துதான், அதனால் சீராக்கம் அதைத் தொடாது. சவுரிபாளையம் என்று எழுதுபவர்களும் உண்டு. மொத்தம் மூன்று கீ, ஒரே ஊர். 'செள' என்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஔகாரமாக்கவும் முடியாது. 'செளியன்' என்று பிழையாகத் தட்டப்பட்ட செழியன் அங்கே சௌயனைப் போல ஏதோ ஒன்றாகிவிடுவார். ஊர்ப் பெயர்களுக்கென்று மாற்றுவடிவப் பட்டியல் ஒன்றை வைத்து, அதில் பார்த்து ஒரு நிலையான எண்ணுக்கு மாற்றி, அந்த எண்ணையே கீயாக்கி, தமிழ்ப் பெயரை மதிப்பாக வைப்பதுதான் வழி. அஞ்சல் எண் அதற்கு உதவாது. பல ஊர்களும் தெருக்களும் ஒரே அஞ்சல் எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன. மத்திய அரசின் உள்ளாட்சிக் கோப்பகத்தில் ஊராட்சிகளுக்கும் கிராமங்களுக்கும் தனித்தனி எண் இருக்கிறது, கிராமங்களுக்கு அதை எடுத்துக்கொள்ளலாம். மாநகராட்சிக்குள் இருக்கும் சௌரிபாளையம், பீளமேடு போன்ற பகுதிகளின் மாற்றுவடிவங்களை ஊர் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து கையால்தான் தொகுக்க வேண்டும். அப்படித் தொகுத்த பட்டியலை ஒவ்வொரு கடையும் தனக்குள் பூட்டி வைத்துக்கொள்ளாமல் பொதுவில் போட்டால், கோவையில் பில் எழுதும் அத்தனை புரோகிராமும் ஒரே ஊரை ஒரே ஊராக எண்ணும்.